உதோங்

ஒரு கட்டிலில் இரண்டு பேர். இரண்டு பேருமே நிறைமாதம் என்றால் கணக்குக்கு நான்கு பேர். மணிலாவின் அந்த அரசு ஆஸ்பத்திரியில், பிரசவ அறையில் எனக்குக் காட்டிய கட்டிலில் ஏற்கெனவே ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். "மம்மி, தள்ளிப் படு" என்று நர்ஸ் அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். அங்கே எங்கள் எல்லோருக்கும் மம்மி என்றுதான் பெயர். யார் என்ன பெயர் என்று கேட்க யாருக்கு நேரம்?

அவள் தலைமாட்டில் என் கால், என் தலைமாட்டில் அவள் கால். அப்படித்தான் படுக்க வேண்டும். எனக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, வலி மட்டும் வருவேனா என்றது. கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். எனக்கு இது நான்காவது பிள்ளை. சந்தையில் சர்க்கரை போட்டுப் பொரித்த வாழைப்பழம் விற்கிறவள் நான். எமெரித்தா என்று கேட்டால் எங்கள் தெருவில் குழந்தைகூட வழி காட்டும்.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. வலி வந்ததும் "அம்மா" என்று முனகினாள் பாருங்கள், அது எங்கள் விசாயத் தீவுகளின் அம்மா. மணிலாக்காரிகள் அப்படி இழுக்க மாட்டார்கள்.

"எந்த ஊரு இந்தாய் நீ?" என்று எங்கள் பேச்சில் கேட்டேன். எங்கள் பக்கத்தில் சின்னப் பெண்களைப் பாசமாக அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவள் என் கால் கட்டைவிரலை அப்படியே பிடித்துக்கொண்டாள். "போஹோல் அக்கா. ஜெசில் என் பேரு. அய்யோ, நம்ம பேச்சு பேச ஒரு ஆள் கெடைச்சீங்களே. இங்க இவங்க பேசுறது பாதி புரியல எனக்கு."

மணிலாவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. புருஷன் கட்டட வேலை. ஆம்பிளைகளை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் வாசலில் காவல்காரனிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தானாம். ஊரில் என்றால் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பிரசவம் பார்ப்பாள். இங்கே வீட்டில் பெறக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று உத்தரவு. அவளும் சொன்னபடி கேட்டு வந்துவிட்டாள். முதல் பிள்ளை. பெண் பிள்ளை என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லிவிட்டார்களாம்.

"பத்திரமா பொறந்துடும்ல அக்கா?"

"பொறக்காம எங்க போகும்? உள்ளயே குடும்பம் நடத்துமா?" என்றேன். சிரித்தாள். அடுத்த வலியில் கொஞ்சம் சத்தமாகக் கத்திவிட்டாள்.

மிஸ் தோலெந்தீனோ என்ற அந்த நர்ஸ் எங்கிருந்தோ குரல் கொடுத்தாள்: "சத்தம் போடாதே மம்மி. ஒன்பது மாசத்துக்கு முன்னாடி இப்படித்தான் கத்தினியா? அப்ப மட்டும் இனிச்சுதாக்கும்?"

இந்தக் கேலியை என் மூன்று பிரசவத்திலும் வார்த்தை மாறாமல் கேட்டிருக்கிறேன். நர்ஸ் படிப்பில் இதற்கென்று தனியாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்களோ என்னவோ. எரிச்சலாக வரும். ஆனால் காலை விரித்துக்கொண்டு கிடக்கிறவள் யாரோடு சண்டைக்குப் போவது?

ஒன்பது மணிக்கு ஜெசிலைக் கைவைத்துப் பார்த்தார்கள். "நாலு சென்டிதான் வாய் திறந்திருக்கு. முதல் பிள்ளை. சாயங்காலம் ஆகும்" என்று மிஸ் அட்டையில் எழுதிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் எழுதியாயிற்று என்றால் முடிந்தது. அதற்கப்புறம் பிள்ளையே வந்து கதவைத் தட்டினாலும் சாயங்காலம் வா என்பார்கள்.

பத்து மணி இருக்கும். ஜெசில் எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. மிஸ்ஸும் படிக்க வந்திருந்த மூன்று மாணவிகளும் பக்கத்துக் கட்டிலில் நின்றார்கள்.

"மிஸ்... உதோங். உதோங் மிஸ்" என்றாள்.

எங்கள் பேச்சில் உதோங் என்றால் முக்குவது. பிள்ளை இறங்கி வந்து, வேண்டாம் என்றாலும் உடம்பு தானாக முக்குமே, அது. மணிலாப் பேச்சில் அதே உதோங் என்றால் முலைக்காம்பு.

"என்னது, காம்பா?" என்று மிஸ் திரும்பினாள். "அதுக்கு என்ன வந்துச்சு இப்ப? ரெண்டும் இருந்த எடத்துலதான் இருக்கு மம்மி, ஓடிப் போயிடாது. மொதல்ல பிள்ளையப் பெறு, அப்புறம் பால் குடுக்கலாம்."

மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எதிர்க் கட்டிலில் இரண்டு பேர் வலியோடு வலியாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆமாம், நானும்தான். மறைத்து என்ன ஆகப் போகிறது? பதினான்கு வருடம் இந்த ஊரில் பழம் விற்றதில் என் காதும் இந்த ஊர்க் காதாகிவிட்டது. அம்மா மடியில் கேட்ட சொல், அது முதலில் காம்பாகத்தான் என் காதில் விழுந்தது. ஜெசில் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் புரிந்து, தலையைக் குனிந்து படுத்துக்கொண்டாள்.

ஒரு கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம் என் காலைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, அடக்க முடியல. உடம்பு தானா உதோங் பண்ணுது. நான் அப்பவே சொன்னேன்ல, ஏன் யாரும் வரல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீ, நான் என்ன பெண்!

"மிஸ்! ஓடி வாங்க! அவ காம்பைச் சொல்லல, முக்க வருதுன்னு சொல்றா! எங்க பேச்சுல உதோங்னா முக்குறது!"

மிஸ் தோலெந்தீனோ வந்தாள். வந்து என்னைத்தான் பார்த்தாள். "நீ என்ன டாக்டரா? உன் வயித்த மட்டும் நீ பாரு. ஒம்போது மணிக்கு நாலு சென்டி இருந்தவ பத்தே காலுக்குப் பெத்துடுவாளா? முக்காதேன்னு சொல்லு அவகிட்ட. இப்ப முக்கினா உள்ள வீங்கிப் போயிடும்."

"ஒரு தடவ கைவச்சுப் பாருங்களேன் மிஸ். ஒரு நிமிஷம் ஆகுமா?"

"நாப்பது பேரு கெடக்கீங்க. நாங்க ரெண்டு பேரு. ஆளாளுக்கு ஒரு நிமிஷம் குடுத்தா நான் எப்ப மூச்சு விடுறது?"

போய்விட்டாள். நாற்பது பேருக்கு இரண்டு நர்ஸ் என்பது சத்தியம். காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. அவள் காலும் வீங்கித்தான் இருந்தது. எல்லாம் சரி. ஆனால் சிரிக்க நேரம் இருந்ததே அம்மா! நின்று நிதானமாக, மாணவிகளுக்கும் பங்கு கொடுத்துச் சிரித்தாயே, அந்த நேரத்தில் ஒரு கையுறையை மாட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

மூன்றாவது தடவை அவள் சொல்லவில்லை, அலறினாள். அதே சொல்தான். அவளிடம் வேறு சொல் இல்லை. அந்தப் பக்கமாகப் போன ஒரு மாணவி, "மறுபடியும் காம்பு" என்று உதட்டைச் சுழித்துவிட்டுப் போனாள்.

பிள்ளையின் தலை வந்துவிட்டது. நான் எழுந்தேன். ஊசி இழுத்தது, இழுக்கட்டும் என்று மண்டியிட்டு அவள் காலுக்கு நடுவில் கை நீட்டினேன். தலை முழுக்கக் கறுகறுவென்று முடி. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, ஒன்றல்ல, இரண்டு சுற்று. வழுக்கியது. விரலை விட்டு நெம்பப் பார்த்தேன், இறுகி இருந்தது. எனக்கு வாழைப்பழம் உரிக்கத் தெரியும், இது தெரியாது. கத்தினேன். அறை முழுக்கக் கத்தியது. கட்டிலில் கிடந்த அத்தனை மம்மிகளும் கத்தினார்கள். அப்போது ஓடி வந்தார்கள். அப்போது எல்லோருக்கும் நேரம் கிடைத்தது.

கொடியை வெட்டி, நீலமாகக் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அழுகைச் சத்தம் கேட்கும் கேட்கும் என்று ஜெசில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுவுதா அக்கா? உங்களுக்குக் கேக்குதா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டரைக்கு ஒரு டாக்டர் வந்தார். பாதி ஆங்கிலம், பாதி மணிலாப் பேச்சில் கடகடவென்று சொன்னார். மூச்சு இல்லாமல் அதிக நேரம் ஆகிவிட்டது, முடிந்த அளவு பார்த்தோம் என்றார். ஜெசில் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொல்றாரு அக்கா?"

அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பேச்சில் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் தப்பவில்லை.

ஒன்றரை மணிக்கு மிஸ் தோலெந்தீனோ ஒரு தாளோடு வந்தாள். கண் சிவந்திருந்தது, அழுதிருப்பாள் போல. ஜெசில் கையில் பேனாவைக் கொடுத்து, "இங்க போடு மம்மி" என்றாள். ஜெசில் தாளை என்னிடம் நீட்டினாள். படித்தேன். 'முக்கும் உணர்வு வந்ததைத் தாய் ஊழியர்களிடம் தெரிவிக்கவில்லை. தானாக முக்கிவிட்டார்.'

அதை ஜெசிலுக்குச் சொன்னேன். அவள் பேனாவைக் கட்டிலில் வைத்தாள். காலையிலிருந்து மணிலாப் பேச்சில் ஒரு முழு வாக்கியம் பேசாதவள், தட்டுத் தடுமாறிப் பேசினாள்.

"நான் சொன்னேன் மிஸ். நான் சொன்னேன்."

"எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லலையே மம்மி."

"சொன்னேன்." இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

மிஸ் தாளை என் பக்கம் திருப்பினாள். "அவ போடலன்னா சாட்சி போட்டாலும் போதும். நீதானே பக்கத்துல இருந்தே."

வாயைத் திறந்தேன். கொட்டித் தீர்க்க அத்தனை வார்த்தை இருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து வராத வலி வந்து இடுப்பைப் பிடித்தது. மிஸ் என் வயிற்றில் கைவைத்தாள். இதமான கை.

"நல்ல வலி இது. இன்னும் ஒரு மணி நேரம்தான். கவலைப்படாதே, நானே கூட இருக்கேன்" என்றாள்.

மிரட்டினாளா என்றால் இல்லை. அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. என் பிள்ளை இன்னும் உள்ளேதான் இருந்தது. அந்தக் கைதான் அதைப் பிடிக்கப் போகிற கை. நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழே எமெரித்தா என்று பெயரும் எழுதினேன். ஜெசில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம்.

மூன்று மணிக்கு எனக்குப் பெண் பிறந்தது. மிஸ் சொன்னபடி கூடவே இருந்தாள். பக்குவமாகப் பார்த்தாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரசவ மேசையிலிருந்து நான் திரும்பி வந்தபோது கட்டிலில் என் பக்கமும் அவள் பக்கமும் வேறு இரண்டு பெண்கள் படுத்திருந்தார்கள். ஜெசிலைப் பிள்ளை பெற்றவர்கள் வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். சுற்றிலும் பிள்ளைகள் அழுகிற வார்டுக்கு.

என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. அந்தத் தாள் அங்கே ஏதோ ஒரு அலமாரியில் இருக்கும், கீழே என் கையெழுத்தோடு. அது பொய். பத்து மணிக்கு அவள் சொன்னாள். பத்தே காலுக்குச் சொன்னாள். தலை வருவதற்கு முன்னால் அலறிச் சொன்னாள். நான் அதே கட்டிலில் இருந்தேன், மூன்று தடவையும் என் காதால் கேட்டேன்.