ஈஸ்டருக்கு மாட்டிய டயர்

எக்கார்ட் என்னைக் கட்டிக்கொள்வதற்குக்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். என் காருக்குக் கோடை டயர் தேர்ந்தெடுக்க பிப்ரவரி மாதம் முழுவதையும் எடுத்துக்கொண்டான். சாப்பாட்டு மேஜையில் ரொட்டிக்கூடைக்குப் பக்கத்தில் கார்ப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. ஈரச் சாலையில் எந்த டயர் சீக்கிரம் நிற்கிறது, எது வளைவில் வழுக்காமல் பிடிக்கிறது, எது சீக்கிரம் தேய்கிறது என்று பரிசோதனை முடிவுகளைப் பச்சை மார்க்கரால் கோடு போட்டு, சூப் ஆறிப்போகும்வரை எங்களுக்கு வாசித்துக் காட்டுவான். எங்கள் மகள் தில்டா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தப்பித்துவிடுவாள். நான் மாட்டிக்கொள்வேன்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. கேட்டது நான்தான். நாங்கள் குடியிருக்கும் கிர்ஹைமிலிருந்து ஸ்டுட்கார்ட்டில் உள்ள ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு தினமும் அந்தக் காரில்தான் போய் வருகிறேன். முந்தின செப்டம்பரில் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் மழை கொட்டியபோது, தேய்ந்த டயர்கள் தண்ணீர்மேல் மிதந்து, ஒரு லாரியின் பின்பக்கத்தை முட்டாத குறையாகக் கார் நின்றது. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். அன்றைக்குத்தான் சொன்னேன்:

"மிதிச்சா நிக்கணும். அப்படி ஒரு டயர் வாங்கு. ஆனா வீட்டை அடகு வெச்சு வாங்காத."

கடைசியில் அவன் தேர்ந்தெடுத்தது ஸ்போர்ட் டயர்.

"ரேஸ் ஓட்டப் போறவளுக்கா வாங்குற? நான் சிறுநீர் பாட்டிலும் ரத்தச் சோதனைக் குழாயும் பாக்கப் போறவடா" என்றேன்.

"ஸ்போர்ட்னா ஓடுறதுக்கு மட்டும் இல்ல, நிக்கிறதுக்கும்தான். ரப்பர் அப்படி. ரோட்டை அப்படியே கவ்விக்கும். இது பெரிய கம்பெனி குறைஞ்ச விலைக்கு விக்கிற ரெண்டாவது பேரு. சரக்கு கிட்டத்தட்ட அதே சரக்கு. பேருக்கு மட்டும் நாம தண்டம் அழுவல, அவ்ளோதான்."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சிக்கனத்துக்குப் பேர்போன எங்கள் ஸ்வாபியாப் பக்கத்துக்காரன் நல்ல சாமானைக் குறைந்த விலையில் பிடித்துவிட்டால், அந்த முகத்துக்கு ஈடு இணை கிடையாது.

அதே பத்திரிகையில் இன்னொன்றும் போட்டிருந்தது. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் இந்த ரப்பர் இறுகிவிடும், பனியில் இதை வைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது என்று. அதையும் எனக்கு அவன்தான் வாசித்துக் காட்டினான். அதற்கும் பச்சைக் கோடு போட்டிருந்தான்.

ஆனால் ஜெர்மனியில் டயர் மாற்றுவதற்குத் தெர்மாமீட்டரை யாரும் பார்ப்பதில்லை. அக்டோபர் வந்தால் குளிர்கால டயர், ஈஸ்டர் வந்தால் கோடை டயர். பல் தேய்ப்பதுபோல இது எங்களுக்குப் படிந்துபோன பழக்கம். பட்டறையில் எல்லோரும் ஈஸ்டருக்கு முந்தின வாரத்துக்கே நாள் குறித்துக்கொள்வார்கள். அதைத் தவறவிட்டால் மே மாதம்தான். ஈஸ்டரோ நிலாவைப் பார்த்து வருகிற பண்டிகை. சில வருஷம் ஏப்ரல் கடைசியில் வரும், அந்த வருஷம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. எக்கார்ட் வியாழக்கிழமைக்கு நாள் வாங்கியிருந்தான். அன்று நல்ல வெயில். பட்டறை வாசலில் வரிசையாக நின்றவர்கள் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கழற்றிய குளிர்கால டயர்களை வழக்கம்போல பட்டறைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு வந்தோம். பண்டிகை முடிந்து செவ்வாய்க்கிழமைதான் அதைத் திறப்பார்கள்.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலே ஆல்ப் மலைமேட்டில் இருக்கும் எக்கார்டின் அண்ணன் ராய்னர் வீட்டுக்குக் காபிக்குப் போனோம். கீழே எங்கள் தோட்டத்தில் மஞ்சள் பூ பூத்துக் கிடந்தது. மேலே போகிறபோது ஒரு கோட்டு கூடுதலாக எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம், எடுத்துக்கொண்டோம். புதுக் கார் வாங்கியவன்போல ராய்னரை வாசலுக்கு இழுத்துவந்து டயரைக் காட்டினான் எக்கார்ட். ராய்னர் குனிந்து தட்டிப் பார்த்தான்.

"அழகா இருக்கு. ஆனா நான் குளிர்கால டயரை மே மாசம் வரைக்கும் கழட்ட மாட்டேன்பா. இங்க மேல வானிலைக்கு காலண்டர் படிக்கத் தெரியாது."

"நீ அக்டோபர்ல மாட்டுறதும் கிடையாது, மே மாசம் கழட்டுறதும் கிடையாது. சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேரு வெச்சிருக்க" என்றான் எக்கார்ட். அண்ணன் தம்பி இருவரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

ஆட்டுக்குட்டி வடிவ ஈஸ்டர் கேக்கின் தலையைத் தில்டா வெட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே முதல் பனி விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். இரண்டாவது காபி முடிவதற்குள் வேலி தெரியவில்லை.

"ராத்திரி இங்கயே தங்குங்க. நான் கொண்டுபோய் விட்டிருப்பேன், ஆனா ஏற்கனவே ஊத்திக்கிட்டேன்" என்றான் ராய்னர், செர்ரி சாராயக் கிண்ணத்தைக் காட்டி.

தங்கியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் விடுமுறையானாலும் விடியற்காலை எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அதைவிட, தங்கினால் ராய்னர் இந்த டயர் கதையை அடுத்த ஈஸ்டர் வரைக்கும் சொல்லிச் சிரிப்பான் என்பது எக்கார்டுக்குத் தெரியும்.

"மெதுவா போயிடலாம். பாதி மலை இறங்கிட்டா மழைதான்" என்றான். நான் ஒரு கிளாஸ் வைன் குடித்திருந்தேன், அதனால் சாவியை அவனிடம் கொடுத்தேன்.

ஊர் எல்லை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. காட்டுக்குள் சாலை கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியதும்தான் தெரிந்தது. பனியைக் கரைக்க உப்புத் தூவும் வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. முதல் வளைவில் எக்கார்ட் லேசாகப் பிரேக்கைத் தொட்டான். பெடல் அவன் காலடியில் கடகடவென்று அதிர்ந்தது, கார் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எப்படியோ திரும்பியது.

"அப்பா" என்றாள் தில்டா பின்சீட்டிலிருந்து.

"பேசாத. பேசாதம்மா."

இரண்டாவது வளைவில் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை அவன் முழுக்க வளைத்திருந்தான், கார் நேராகவே போனது. இரும்புத் தடுப்பும் அதற்குப் பின்னால் மரங்களின் உச்சியும் நிதானமாக எங்களை நோக்கி வந்தன. வேகமாக வந்திருந்தால்கூட இத்தனை பயந்திருக்க மாட்டேன். பயப்படுவதற்கு அத்தனை நேரம் கிடைத்தது. பிறகு பின்பக்கம் தானாகச் சுழன்று, பின்சக்கரம் மலைப்பக்க வடிகால் பள்ளத்தில் இறங்கி, கார் சாலைக்குக் குறுக்கே நின்றது. முகப்பு தடுப்பைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

எக்கார்ட் முன்னுக்கும் பின்னுக்கும் முயன்றான். சக்கரம் சுற்றியதே தவிர கார் அசையவில்லை. வளைவுக்கு அடுத்து, கீழ்ப்பக்கமாக, மேலிருந்து வருகிறவர்கள் கண்ணுக்கே படாத இடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"இறங்குங்க ரெண்டு பேரும். தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. கார்ல இருக்காதீங்க" என்றான். அவன் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. மஞ்சள் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு, டிக்கியிலிருந்து சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு வளைவைச் சுற்றி மேலே நடந்தான். மறைந்துபோனான்.

நானும் தில்டாவும் தடுப்பைத் தாண்டி ஒரு பீச் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காலுக்குக் கீழே சரிவு. போலீசுக்குப் போன் செய்தேன். மலை முழுக்க வண்டிகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன, காத்திருங்கள் என்றார்கள். தில்டாவின் பல் குளிரில் தந்தியடித்தது.

"அப்பா ஏன் இன்னும் வரல?"

"முக்கோணத்தைத் தள்ளி வெக்கணும்ல. வருவாரு."

பனி விழும்போது காட்டில் சத்தமே இருக்காது. இன்ஜின் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. வளைவிலிருந்து ஒரு சிறிய நீலக் கார் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டு வந்தது. நடக்கிற வேகம்தான். உள்ளே ஒரு பெண் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தாள். அது நேராக எங்கள் காரின் கதவில், தில்டா உட்கார்ந்திருந்த இடத்தில், முட்டி நின்றது.

அந்தக் காரின் முன்பக்கத்துக்கு அடியில் எங்கள் சிவப்பு முக்கோணம் நசுங்கிச் சிக்கியிருந்தது.

முக்கோணம் வந்துவிட்டது. அதைக் கொண்டுபோனவன் வரவில்லை.

"எக்கார்ட்" என்று கத்தினேன். பதில் இல்லை. தடுப்பைத் தாண்டி ஓடிப்போய் அந்தக் கார்க் கதவைப் பிடித்துத் திறந்தேன். "மேல ஒரு ஆள் இருந்தாரா? மஞ்சள் சட்டை?"

"இருந்தாரு" என்றாள் அந்தப் பெண். அறுபது வயது இருக்கும், பண்டிகைக்குப் போட்ட நல்ல உடையில் இருந்தாள். "நடு ரோட்டுல நின்னாரு. நான் மிதிச்சேன். மிதிச்சுக்கிட்டே இருந்தேன். நிக்கவே இல்லைங்க."

"இடிச்சீங்களா?"

"தெரியல. ஏதோ தட்டுச்சு. தெரியலைங்க."

தில்டாவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மேலே ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது வீண் பெருமை, நான்கு காலில் ஏறினேன். போகிற வழியெல்லாம் என் வாய், சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டிக்கொண்டே வந்தது. பாழாய்ப்போன பச்சை மார்க்கர், பாழாய்ப்போன பட்டறை, உன் அண்ணன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே மடையா. திட்டுவதை நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

வளைவுக்கு மேலே அவனுடைய காலடித் தடம் தெரிந்தது. சாலையின் நடுவே நேராக ஏறிப் போயிருந்தது. ஓரிடத்தில் அதன்மேல் டயர்த் தடம் அகலமாக இழுபட்டிருந்தது. அதற்கப்புறம் காலடி இல்லை. அவனுடைய மூக்குக்கண்ணாடி மட்டும் பனியில் கிடந்தது. அதை எடுத்தேன். ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவன் செத்துவிட்டான் என்று நினைத்தேன். நினைக்கவில்லை, முடிவே செய்துவிட்டேன்.

பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம், சரிவில், மஞ்சளாக ஏதோ அசைந்தது.

ஒரு மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்கப் பனி. தொட்டுப் பார்த்தேன், கையைத் தடவினேன், காலைத் தடவினேன். எங்கும் ரத்தம் இல்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவாத்தான் வந்துது, கெர்லிண்ட்" என்றான். பல் அடித்துக்கொண்டது. "ஒதுங்கி நின்னிருக்கலாம். கால் நகரல. அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நின்னேன். அவளும் என்னையே பாத்தா. எப்படி இங்க வந்து விழுந்தேன்னு தெரியல."

இன்னொரு கையால் அவன் தலையிலிருந்த பனியைத் தட்டிவிட்டேன். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த திட்டில் ஒரு வார்த்தைகூட வாயில் இல்லை.

சாலையில் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் கையை ஊன்றி ஊன்றி ஏறி வந்துகொண்டிருந்தாள், தில்டா அவள் கையைப் பிடித்திருந்தாள். எக்கார்டைக் கண்டதும் தில்டா தடுப்பைத் தாண்டி வந்து அவன் மேலேயே விழுந்தாள். அந்தப் பெண் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உயிரோட இருக்கீங்களா ஐயா? நிஜமாவே இருக்கீங்களா?"

"இருக்கேங்க. ஒண்ணும் ஆகல."

"வியாழக்கிழமைதாங்க டயர் மாத்தினேன். ஈஸ்டர் வந்துடுச்சேன்னு..."

"நானும் வியாழக்கிழமைதாங்க" என்றான் எக்கார்ட். பிறகு சாலையின் மேல்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்" என்றேன்.

"கீழ இப்ப ரெண்டு கார் குறுக்க நிக்குது. முக்கோணமும் இல்ல. யாராவது மேல நிக்கணும், கெர்லிண்ட். காபி குடிச்சிட்டு எல்லாரும் இப்பதான் கிளம்புவாங்க. வர்றவங்களும் வியாழக்கிழமை மாத்தினவங்கதான்."

அவன் எழுந்தான். என் கை அவன் காலரை விடவில்லை. விடு என்றான், விடவில்லை. அந்தப் பெண்ணையும் தில்டாவையும் தடுப்புக்கு இந்தப் பக்கம் மரத்தோடு நிற்கவைத்தோம். சாலையில் இறங்காமல், தடுப்புக்கு வெளியே, மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு அவன் மேலே ஏறத் தொடங்கினான். போன் விளக்கைப் போட்டு ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையில் அவன் காலர் இருந்தது. அதைப் பிடித்தபடியே நானும் அவன் பின்னால் ஏறினேன்.