கிளாஸ்கோ யன்னலில் ஒரு தாள்

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு ஸ்கொட்லாந்துக்காரர் தனிநாடாகப் போவதா இல்லையா என்று வாக்குப் போட்டார்கள். என் மகள் நிரூபா அப்போது கிளாஸ்கோவில் நர்ஸ். நாங்கள் உலகத்தின் மறுபக்கம், பிளாக்டவுனில்; அவளுக்கு விடியும்போது எங்களுக்குப் பின்நேரம். நான் படித்தது நாலாம் வகுப்புத்தான். ஆனால் அரசாங்கம் சிரித்துக்கொண்டு ஒன்றைக் கேட்டால், அதற்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் ஃபோனில் முகம் பார்த்துக் கதைக்கும்போது அவளுடைய யன்னலில் நீலத்தாள் ஒன்று தெரிந்தது.

"என்ன அது?"

"யெஸ் எண்டு, அப்பா. பிரிவம் எண்டு."

"உடனே கிழி. வீட்டை அடையாளம் வைச்சிட்டுப் போவாங்கள். பாஸ்போர்ட்டையும் நகையையும் ஒரு பையில போட்டுக் கதவடியில வை. மா, பருப்பு, மெழுகுதிரி வாங்கி வை."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "முன்வீட்டு ஷீனா 'நோ' எண்டு ஒட்டியிருக்கிறா. நேற்று எனக்குக் கேக் கொண்டுவந்து தந்தவ."

"கேக்குக்குள்ள என்ன கிடந்ததோ!"

"சீனிதான் கூடிப்போச்சு, அப்பா."

பக்கத்திலிருந்த என் மனைவி இராஜேஸ்வரியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பி விக்னராஜா சாவகச்சேரியில் தனிநாடு கேட்டு ஒரு சுவரில் இப்படித்தான் நோட்டீஸ் ஒட்டினவன். அடுத்த கிழமை ஆமி ஜீப்பில் ஏற்றினார்கள். உடம்புகூடத் தரவில்லை. இவளும் அவனைப்போலப் பிடிவாதக்காரி. தாளைக் கிழிக்கவில்லை, வாக்கும் போட்டாள்.

முடிவு வந்த வெள்ளிக்கிழமை பின்நேரம் நான் கடையில் கருவேப்பிலை பொறுக்கிக்கொண்டு நின்றேன். கடைக்காரன் கபிலன் டிவியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்கட ஸ்கொட்லாந்து கவிண்டிட்டுது," என்றான்.

தோற்றவன் வீடுதானே முதலில் எரியும். அங்கேயே நின்று மகளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"தோத்திட்டம் அப்பா," என்று அழுதாள்.

"அதை விடு. வீட்டை ஆர் வந்தவங்கள்?"

"ஷீனா விடியவே வந்திட்டா. தேத்தண்ணி போடுறா."

"வேற? ஆமி, பொலிஸ்?"

"ஒருத்தரும் இல்லை. எனக்கு வேலைக்கு நேரமாகுது, பிறகு எடுக்கிறன்."

மகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கோ பொறாமைதான் வந்தது. அவர்களைக் கேட்டார்கள், எண்ணினார்கள், முடிந்தது. எங்களை ஒருத்தனும் ஒருக்காலும் கேட்கவில்லை. கேட்டு, நாங்கள் தோற்றிருந்தாலும் பரவாயில்லை. விக்னராஜா கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, இன்றைக்கு என்னை மாதிரி ஒரு கிழவனாக இருந்திருப்பான்.

"மகளுக்கு ஒண்டுமில்லையே அங்கிள்?" என்றான் கபிலன்.

"ஒண்டுமில்லை," என்றேன். "தோத்தவை. வேலைக்குப் போகினம்."