ஒஸ்ரின் காருக்கு ஆமணக்கெண்ணெய்

ஸ்ரெல்லா காருக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றப்போகிறாள் என்ற கதை, பருத்தித்துறைச் சந்தையில் மீன் விலைபடுவதற்கு முன்னரே பரவிவிட்டது. ஊர் சிரித்தது. பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கிற சாமானைக் காருக்குக் கொடுத்தால் அது எந்த வேலியோரம் போய்க் குந்தும் என்று கேட்டார்கள். சிரிக்கட்டும். அரசாங்கம் பொருள்களுக்குத் தடை போட்ட பிறகு பெற்றோல் இல்லை, என்ஜின் ஒயில் இல்லை, பற்றரி இல்லை. சிரிப்பாவது தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதே என்றாள் அவள்.

கார் அவளுடைய புருஷன் சூசைதாசனுடையது. வயதில் அவளுக்கு மூத்த ஏ-40 ஒஸ்ரின். அதை வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் சாப்பிட்டது. பெற்றோல் நின்றதும் கார்புரேற்றருக்குள் நாலு துளி மட்டும் விட்டு என்ஜினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினான். ஊரே அப்படித்தான் ஓடியது. ஆனால் ஒயிலுக்கு எங்கே போவது? உள்ளே கிடந்தது கறுத்துத் தண்ணியாகிவிட்டது. கிளாலிக் கடலைக் கடந்து, தடையில்லாத அக்கரையிலிருந்து ஒரு கலன் நல்ல ஒயில் கொண்டுவாறேன் என்று போனவன், போனவன்தான். கடலில் படகுகளுக்கு நேவியின் சூடு விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. வருசம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது.

சூசைதாசனின் தமையன் சிமியோனுக்கு மிளகாய் அரைக்கிற ஆலைக்கு ஒரு என்ஜின் தேவைப்பட்டது. தம்பி இறந்தான் என்று ஊரறியப் பூசை வைத்து அடக்கமும் செய்துவிட்டால், பிறகு காரைக் கழற்றுவதைப் பற்றித் தமையன் கதைக்கலாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை என்று முழுதாகச் சொல்லவும் மனம் வரவில்லை. தம்பிக்காக அவர் அழுதது உண்மை. அழுதுகொண்டே என்ஜினையும் பார்த்தார், அவ்வளவுதான். ஓடாத காரை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். ஓடும் என்றாள் ஸ்ரெல்லா. சனிக்கிழமை பூசை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஆளுக்கொரு வைத்தியம். தேங்காயெண்ணெய் என்றார் ஒருவர், இலுப்பெண்ணெய் என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளையோ வாயால் சொல்லவேயில்லை. வள்ளத்துக்குப் பூசுகிற சுறாவெண்ணெயில் ஒரு போத்தலை, அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து என்ஜினுக்குள் ஊற்றியே விட்டார். கடலுக்குள் மரத்தைக் காக்கிற எண்ணெய், தரையில் இரும்பைக் காக்காதா என்பது அவருடைய நியாயம். தெருப் பூனையெல்லாம் காருக்கடியில் வந்து படுத்தன. அவ்வளவையும் வடித்து, மண்ணெண்ணெயால் கழுவி முடிப்பதற்குள் ஸ்ரெல்லாவுக்கு நாரி முறிந்துவிட்டது. நல்ல மனுஷன், என்ன செய்வது, ஏசவும் முடியவில்லை.

கராச்காரர் அருளம்பலம் அண்ணையிடம் போனாள். ஆமணக்கெண்ணெய் சூட்டைத் தாங்கும் என்று அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஆறவிட்டால் பிசினாக இறுகும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு சுடச்சுட வடித்தெடுக்க வேண்டும், அதெல்லாம் பொம்பிளையளுக்குச் சரிவராது என்றார். சோறு வடிக்கிற கைக்கு ஒயில் வடிக்கத் தெரியாதோ என்று கேட்டுவிட்டு வந்தாள். வேலியோர ஆமணக்கங்கொட்டையை வறுத்து, இடித்து, கொதிக்கவைத்து எண்ணெய் எடுத்தாள். வீதி முழுக்க மணந்தது.

ஒயிலை வடிகட்டுகிற பில்டர்தான் இடித்தது. பழையதில் ஓட்டை போட்ட தகரக் குழாய் மட்டும் மிச்சம். பருத்தித் துணியைச் சுற்றினால் நூல் உதிர்ந்து ஒயில் போகிற வழியை அடைக்கும். சாக்கும் அப்படித்தான். கம்பளி வேண்டும். இந்த வெக்கையில் கம்பளிக்கு எங்கே போவாள்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் சிமியோன் வந்தார். சவப்பெட்டி செய்தாயிற்று, தம்பியின் கோட்டைத் தா என்றார். அவர்கள் குடும்பத்தில் ஆம்பிளைகளைக் கலியாணக் கோட்டோடுதான் அடக்குவார்கள். கடல் கொண்டுபோனவனென்றால் கோட்டை மட்டும் பெட்டிக்குள் வைத்துச் சேமக்காலைக்குக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள்.

ஸ்ரெல்லா உள்ளே போய்ப் பெட்டகத்தைத் திறந்தாள். கறுத்தக் கோட்டு. தடித்த, நல்ல கம்பளி. அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்வானேன்? பிறகு கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, சிமியோனின் கண்முன்னாலேயே முதுகுப் பக்கத்தை நீளத்துக்கு வெட்டினாள்.

அவர் திகைத்துப்போனார். "உனக்கு விசரோ? அவன் எதைப் போட்டுக்கொண்டு போறது?"

"கோட்டு செத்தவைக்கு, அத்தான். என்ரை மனுசன் ஒயில் எடுக்கப் போனவர்."

வெட்டிய துணியைத் தகரக் குழாயில் இறுக்கிச் சுற்றி, வலைநூலால் கட்டி, கிண்ணத்துக்குள் வைத்துப் பூட்டினாள். எண்ணெயைச் சூடாக்கி ஊற்றினாள். சிமியோனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இது ஓடாது, ஓடாதென்பதை நானே காட்டுகிறேன் என்று, பற்றரியில்லாத காரைச் சுற்றி எழுப்புகிற இரும்புக் கைபிடியை அவளிடமிருந்து பறித்து முன்னால் செருகிச் சுற்றினார். ஆலைக்காரன் கை, சும்மாவா? ஸ்ரெல்லா மிச்சம் வைத்திருந்த பெற்றோலைத் துளி துளியாக விட்டாள். கார் இருமியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சுற்றினார். இரண்டு தரம் உதறியது. பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துவிட்டது.

அவள் ஓடிப்போய் ஏறியிருந்தாள். ஒயில் அழுத்தம் காட்டுகிற முள்ளு மெல்ல மெல்ல எழும்பி நின்றது. வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளை கைதட்டினார்.

சிமியோன் கைபிடியோடு நின்றார். வேர்வையா கண்ணீரா, முகமெல்லாம் நனைந்திருந்தது. யன்னலருகே வந்து குனிந்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஸ்ரெல்லா, அவன் வருவான் எண்டு நீ நம்புறியோ?"

"எனக்குத் தெரியாது, அத்தான். உங்களுக்கும் தெரியாது. தெரியாமல் நான் ஆரையும் புதைக்க மாட்டன். பெட்டி உங்கடை அளவுக்கு இருந்தா நீங்களே வைச்சிருங்கோ. இப்ப படலையைத் திறவுங்கோ."

சிமியோன் போய்ப் படலையைத் திறந்துவிட்டார்.