கடைசியில் நின்ற வண்டி

பொன்செல்வி மின்சார ஆட்டோ வாங்கியபோது அதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு குறை சொன்னார்கள். மழைத் தண்ணீரில் ஷாக் அடிக்கும் என்றார் வாடகை வாங்க வந்த வீட்டு ஓனர். ரிப்பேர் பார்க்க இங்கே ஆள் கிடையாது என்றாள் நாத்தனார். பதினெட்டு வருடமாகச் சாலைச் சந்தை ஆட்டோ ஸ்டாண்டில் பெட்ரோல் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் மகேஷ்குமார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஸ்டாண்டில் அவளை யாரும் சேர்க்கவில்லை.

"சேச்சி, பெர்மிட் எடுக்கான் ஞங்க அலைஞ்ச அலைச்சல் தெரியுமோ?" என்றான் ஸ்டாண்டின் தலைவன் அனீஷ். "பெர்மிட் இல்லாத்த வண்டி இவிடெ நிறுத்தக் கூடாது, கேட்டோ."

"கரண்டு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம்னு கவர்மெண்டே சொல்லிட்டு. ரோடு உங்க வீட்டு முற்றமா?" என்று கேட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் வண்டியை நிறுத்தினாள்.

மறுநாள் டயரில் காற்று இல்லை. பம்பு வாங்கி வந்து அவளே அடித்தாள். அதற்கடுத்த நாள் அவள் இடத்தில் கல் கிடந்தது. உருட்டி ஓரம் தள்ளிவிட்டு, அதே இடத்தில் நின்றாள். மகேஷ்குமார் வரிசையின் முன்பக்கம் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரே தட்டில் குழம்பு ஊற்றித் தின்கிறவன், இங்கே அவளைத் தெரியாதவன் மாதிரி நின்றான்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் சாவித்ரி மாமி காய்கறிப் பையோடு வந்தாள். வரிசையில் நின்ற வண்டிகளையெல்லாம் தாண்டி நேராகப் பொன்செல்வியிடம் வந்தாள்.

"ஏம்மா, இது குலுக்காதாமே? நேக்கு முதுகுல ஆபரேஷன் ஆயிருக்கு. அந்த ஆட்டோல ஏறினா உயிர் போறது."

"ஏறுங்கம்மா."

அனீஷ் ஓடி வந்தான். "அம்மா, முன்னால கிடக்குற வண்டியில கேறணும். அதாணு முறை."

"எந்த வண்டின்னு நான்தானே தீர்மானிக்கணும்?" என்று மாமி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அனீஷ் திரும்பிப் பார்த்தான். "மகேஷே, வண்டி எடுத்துக் குறுக்கே இடு."

மகேஷ்குமார் தயங்கினான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். வண்டியை எடுத்து வந்தான். பொன்செல்வியின் வண்டிக்கு முன்னால் குறுக்கே நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டான்.

பொன்செல்விக்கு முகம் சுட்டது. அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம். இறங்கிப் போனாள்.

"எடுங்க."

"நீ வீட்டுக்குப் போ, செல்வி. பொறவு பேசலாம்."

"வீட்டுலதான் நீங்க வாயே தெறக்கலியே."

அவள் பின்பக்கம் போனாள். சேலையை இழுத்துச் சொருகி, கம்பியைப் பிடித்துத் தள்ளினாள். அவன் உள்ளே உட்கார்ந்திருக்க, வண்டி நகர்ந்தது. "ஏட்டி, விடுட்டி!" என்று அவன் கத்தினான். அவள் விடவில்லை. ஆட்டோ உருண்டு போய் வெங்காயக் கடை மூட்டைகளில் இடித்து நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் விசிலடித்துச் சிரித்தார்கள். அனீஷ் வாய் திறப்பதற்குள் அவள் வண்டி சத்தமே இல்லாமல் தெருவைக் கடந்துவிட்டது.

மாமியை இறக்கிவிட்டதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஸ்டாண்டுக்கே திரும்பி, கடைசியில் நின்றாள். அனீஷ் அவளைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான்.

அடுத்த வாரமும் அவளோடு யாரும் பேசவில்லை. ஆனால் கல் வைக்கவும் இல்லை. மருந்துக்கடை லிபி வந்து ஏறினாள். பிறகு பள்ளிக்கூட டீச்சர்கள் இரண்டு பேர்.

ஒரு மத்தியானம் மகேஷ்குமார் அவள் வண்டியருகே வந்து நின்றான். சக்கரத்தைப் பார்த்தான், சீட்டைத் தடவினான்.

"குடப்பனக்குன்னு ரோட்டு ஏத்தத்துல வண்டி இழுக்குமா?"

"நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினாள். "ஆனா திரும்பி வந்து இதே எடத்துலதான் நிப்பாட்டணும். எல்லாரும் பாக்க."

அவன் அனீஷ் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தான். சாவியை வாங்கிக்கொண்டான்.