தனித் தட்டு

சின்னராஜ் தட்டின் ஓரத்தில் ஒரு கறித்துண்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். லாரியில் எந்தச் சீமைக்குப் போய்த் திரும்பினாலும் அவன் தவறாமல் செய்கிற காரியம் அது. அவன் எழுந்த தட்டிலேயே வெண்ணிலா சாப்பிடுவாள். ராசிபுரத்து அந்த வீட்டில் கல்யாணமான நாள் தொட்டு அப்படித்தான். வாய்திறந்து சொல்லத் தெரியாத பிரியத்தையெல்லாம் அவன் அந்த ஓரத்துத் துண்டில்தான் வைத்திருந்தான். இன்று திரும்பி வந்து பார்த்தால் கறித்துண்டு நாய்க்குப் போயிருந்தது. வெண்ணிலா வேறு தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, நாஞ் சாப்பிட்ட தட்டு உனக்கு ஆகாமப் போச்சா?"

அவள் சோற்றில் குழம்பை ஊற்றினாள். சேலத்து டாக்டர் சொன்னதை ஒரு வாரமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றெரிச்சல் என்று போனவளுக்குக் குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் கிருமி இருந்தது. வயிற்றுக்குள் நமக்கு நல்லது செய்கிற கிருமிகளும் ஏராளம் குடியிருக்கின்றன, இது அந்த ரகமில்லை என்றார் டாக்டர். பலரை ஒன்றும் செய்யாது. சிலருக்கு வருஷக்கணக்கில் புண்ணாக்கி, அதிலும் சிலருக்குப் புற்றில் கொண்டுபோய் விடும். மாத்திரையில் போக்கிவிடலாம், பயம் வேண்டாம். எச்சில் வழியாகவும் ஒட்டலாம், வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள். அங்கேதான் அவளுக்குப் பகீரென்றது. மாமனார் போனது இரைப்பைப் புற்றில். அன்றிலிருந்து இவன் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. நெஞ்சு கரித்தால் ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வண்டியை எடுப்பான்.

இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அப்ப நாந்தான் உனக்குக் குடுத்தேங்கறயா?"

"ஆரு ஆருக்குக் குடுத்ததுன்னு ஆரு கண்டா? எனக்கு மாத்திர இருக்குதுங்க. நீங்க வந்து பாக்கலீன்னா எனக்குத் தூக்கம் புடிக்காது."

அவன் வெளியே போய் லாரியருகில் வெகுநேரம் நின்றான். கிளம்பிவிடுவான் என்றே நினைத்தாள். உள்ளே வந்தான்.

"அய்யனுக்கு அப்பவே பாத்திருந்தா..."

"அது நமக்குத் தெரியலீங்க. இப்பத் தெரியுது."

"வெறும் வயித்துல வரோணுமா?"

"ஆமாங்க."

மறுநாள் சேலத்தில் நர்ஸ் மருந்தைக் குடிக்க வைத்து, சற்று நேரம் உட்கார வைத்து, கிருமி இருக்கிறதா என்று மூச்சிலேயே தெரிந்துவிடும் என்று ஒரு பையைக் கொடுத்து ஊதச் சொன்னாள். மலைப்பாதையில் லோடு வண்டி ஏற்றுகிற மனிதன் கன்னம் உப்ப, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினான். வெண்ணிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"போதுங்க, பை நெறஞ்சிருச்சு," என்றாள் நர்ஸ்.

அவன் வாயை எடுக்காமல், இன்னொரு மூச்சு ஊதினான்.