எழுத்தர் என்கிற எழுத்தாளர்

தெருவில் அவரை எழுத்தாளர் என்றுதான் சொல்வார்கள். தபால்காரர், மருந்துக்கடைக்காரர், மாடிவீட்டுக் குழந்தைகள், எல்லாருக்கும் அவர் எழுத்தாளர்தான். மனிதர் ஒரு கதை எழுதியதில்லை, ஒரு பாட்டுக் கட்டியதில்லை. முப்பத்தைந்து வருஷம் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதப் பதிவேடு எழுதியதுதான் அவருடைய மொத்த இலக்கியம். ஆனாலும் எழுத்தாளர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஊரைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது ஒரு பட்டியல். அறுபது வருஷத்துக்கு முன்னால் நடந்த போரில், எழுதுகிறவன், வரைகிறவன், பாடுகிறவன், சொந்தமாக யோசிக்கிறவன் என்று தேடித் தேடிப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அப்போது ஒரு துறைமுகத்தில் ஒரு பேராசிரியர் சின்னதாக அலுவலகம் திறந்து, அப்படிப்பட்டவர்களைக் கப்பலேற்றி அனுப்பினார். இடம் இருநூறு பேருக்கு. வாசலில் நின்றதோ இரண்டாயிரம் பேர். கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் மட்டும்தான் இடம் என்று விதி வைத்தார்கள். கதை எழுதத் தெரியாதவன் உயிர் என்ன இளப்பமா என்று கேட்டால் பதில் கிடையாது. இருநூறு இடம்தான் பதில்.

நம்மவருக்கு அப்போது இருபத்து நாலு வயசு. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. தபால் வந்தால் பதிவது, போனால் பதிவது, அவ்வளவுதான். அலுவலகத்தைக் கொளுத்தியவர்கள் ஆசிரியர் யார், எழுத்தர் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை; அங்கே வேலை பார்த்த எல்லாரையும் தேடினார்கள். ஓடிவந்து அவரும் வரிசையில் நின்றார். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில், எழுத்தர் என்று குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் பட்டியலை உரக்க வாசித்தபோது, எழுத்தாளர் என்று சொல்லி அவர் பெயரைச் சொன்னார்கள்.

தட்டச்சில் வந்த பிழை என்று உடனே புரிந்தது. வாயைத் திறந்தால் உயிர் போகும்; திறக்காமல் கப்பல் ஏறினார். அக்கரையில் வரவேற்றவர்கள் என்னென்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டபோது, எல்லாம் அங்கேயே எரிந்து போச்சு என்றார். பொய்யில்லை. எரிந்தது தபால் பதிவேடு.

அன்று மூடிய வாய்தான். கட்டிய மனைவியிடமும் சொல்லவில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். போரில் மனசு உடைந்து பேனாவைக் கீழே வைத்துவிட்ட எழுத்தாளர் என்று ஒரே மகள் நம்பினாள். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவள்; வருஷா வருஷம் வகுப்பில் அப்பாவைப் பற்றிச் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சில் முள் தைக்கும். எவனோ ஒரு நிஜ எழுத்தாளன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து வந்துவிட்டோம், அவன் என்ன ஆனானோ என்று தோன்றும்.

இப்போது அந்தக் கப்பலைப் பற்றி ஒரு சினிமா எடுக்கிறார்கள். அந்தக் கப்பலில் வந்தவர்களில் இன்னும் உயிரோடிருப்பவர் இவர் ஒருவர்தான். படத்தின் முடிவில் அவர் முகத்தைக் காட்டி, கீழே பெயரும் எழுத்தாளர் என்ற பட்டமும் போடப் போவதாக டைரக்டரம்மா போனில் சொன்னாள். தெருவில் நாலு பேர் சொல்வது வேறு, திரையில் ஊர் உலகம் பார்ப்பது வேறு. நேரில் போய், அந்தப் பட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். கூடவே மகளும் கிளம்பினாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

ஒரு பழைய கிடங்குக்குள் அந்த அலுவலகத்தைக் கட்டியிருந்தார்கள். மரத்தடுப்பு, நீள பெஞ்சு, கயிறு கட்டிய கோப்புகள், ஜன்னலோரம் தட்டச்சு இயந்திரம். அதன் முன்னால் ஒரு துணை நடிகை சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தம்மாவுக்கு வசனம் கிடையாது என்றாள் டைரக்டர். பேராசிரியரின் நினைவுக் குறிப்பில் அவளைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறதாம். கப்பல் போன நாலாம் வாரம் சிப்பாய்கள் வந்தார்கள், தட்டச்சு செய்த பெண்ணைக் கொண்டுபோனார்கள், அவள் திரும்பவில்லை.

அவர் தலையாட்டிவிட்டு, சொல்ல வந்ததற்குத் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் சுவரில் இருந்த பட்டியல் கண்ணில் பட்டது. படத்துக்காகச் சுத்தமாக அடித்த நகல் ஒன்று. பக்கத்தில், ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கிப் பெரிதாக்கிய அசல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அசலின் அருகே போனார். தன் பெயரைக் கண்டுபிடித்தார். அதற்கு நேரே எழுத்தர் என்று தட்டச்சில் இருந்தது. அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, எழுத்தாளர். ஓரத்தில் பேனாவால் ஓர் ஒற்றை எழுத்து, கீழே தேதி.

"அது ஏதோ மைக்கறைன்னு நினைச்சு நகல்ல விட்டுட்டோம் ஐயா" என்றாள் டைரக்டர்.

"கறை இல்லம்மா. சுருக்கொப்பம்."

முப்பத்தைந்து வருஷம் பதிவேடு எழுதியவருக்குத் தெரியாதா? பிழையாக அடித்தவர் பக்கத்தில் ஒப்பமிட மாட்டார். தெரிந்துதான் திருத்தினேன், கேள்வி வந்தால் என்னைக் கேள் என்று சொல்வதற்குத்தான் சுருக்கொப்பம். அந்த ஜன்னலோரத்தில் நடந்தது அவருக்கு அப்படியே திரும்ப வந்தது. விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, எழுத்தாளரா என்று தட்டச்சு செய்த பெண் கேட்டாள். இல்லைங்க, எழுத்தர் என்றார், அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரர் மாதிரி. அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு, தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது என்றாள். காது மந்தம் போல என்று அறுபது வருஷமாக அவளை நினைத்திருந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மகள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் நிறுத்தியதும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"பிழையில பொழச்சவன்னு எப்படிம்மா சொல்றது? அதுவும் பிழையில்லன்னு இன்னிக்குத்தான் தெரியுது. அந்தம்மாவைத் தப்பா அடிச்சவங்கன்னு நினைச்சு மனசுக்குள்ள சிரிச்சிருக்கேன். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லல. இப்ப முகம்கூட ஞாபகம் வரல."

சொல்லிவிட்டு அழுதார். மகள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிடங்கில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் சத்தமில்லாமல் வெளியே போனார்கள். டைரக்டர் துணை நடிகையிடம் போய், நாளைக்கு உனக்கு இரண்டு வசனம் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி அவரிடம் வந்தாள். பெயருக்குக் கீழே இனி என்ன போடட்டும், எழுத்தர் என்றே மாற்றிவிடட்டுமா என்று கேட்டாள். அதைக் கேட்கத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்ததும்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எழுத்தர்னு போடுங்க. அதுமேல ஒரு கோடு போட்டு, மேல எழுத்தாளர்னு போடுங்க. பக்கத்துல அவங்க போட்ட ஒப்பத்தையும் போட்டுடுங்க. அதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல."