இங்கிலாந்திலிருந்து வந்த ஒடென்சேப் பெடியன்

சிறீஸ்கந்தராசா ரக்பி லீக் ஆட்டம் ஒன்றைக் கடைசி வரை இருந்து பார்த்தது அதுதான் முதல் முறை. அன்று அவருடைய கழகம் தோற்றது. டென்மார்க்கின் ஒடென்சே நகரத் தமிழர் விளையாட்டுக் கழகத்தின் தலைவர் கதிரையில் நெடுங்காலம் இருந்தவருக்கு ஆட்டம் விளங்காவிட்டாலும் தோல்வி நன்றாக விளங்கியது. ஹ்விடோவ்ரேக் கழகம் லண்டனிலிருந்து மூன்று பேரை இறக்கியிருந்தது. ஒவ்வொருவரும் ஒரு குளிர்சாதனப் பெட்டியின் அளவு. அவர்களைப் பிடிக்கப் போன ஒடென்சேப் பெடியன்கள், பிடித்த பிடியை விடாமலே பின்னால் இழுபட்டுப் போனார்கள்.

"உவை எல்லாம் சோறு தின்னுற ஆக்களே?" என்று தலைவர் பக்கத்தில் நின்ற துஷாராவிடம் கேட்டார்.

துஷாராதான் கழகத்தின் பயிற்றுநர். நகரசபையில் ஃபிசியோதெரபிஸ்ட் வேலை. படிக்கும் காலத்தில் ஒரு வருடம் வட இங்கிலாந்தில் இருந்தபோது இந்த விளையாட்டைப் பழகி வந்து, முதலில் தனியாகவும் பிறகு கழகத்தின் பெயரிலும் இங்கே பிறந்த பெடியன்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள்.

"எங்கட பெடியளும் வளருவினம், அங்கிள். தாரகனுக்கு இப்பதான் பத்தொன்பது. இன்னும் ரெண்டு வருசம் பொறுங்கோ" என்றாள்.

"ரெண்டு வருசத்தில எனக்கு முழங்கால் ஒப்பரேசன்" என்றார் தலைவர். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் முடிவு எடுத்தாயிற்று. லண்டன் என்ன லண்டன்? ரக்பி லீக் பிறந்ததே வட இங்கிலாந்தில். அங்கே லீட்ஸுக்குப் பக்கத்தில் தலைவரின் மருமகன் ஒருவர் இருந்தார். அவர் மூலம் நான்கு தமிழ்ப் பெடியன்களைப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவன் அங்கே சம்பளத்துக்கு விளையாடியவனாம். பெயர் ஜெரோசன். அவனுக்கு ஒரு பெரிய பதாகை அடிக்க வேண்டும் என்றார்கள். 'இங்கிலாந்துச் சிங்கம்' என்று போட்டால் பாதிச்சனம் வராது, 'இங்கிலாந்துப் புலி' என்று போட்டால் மண்டபம் கிடைக்காது என்று நீண்ட நேரம் விவாதித்து, கடைசியில் 'இங்கிலாந்தின் இடி' என்று அடித்தார்கள்.

பில்லுண்ட் விமான நிலையத்துக்குத் தலைவரே மாலையோடு போனார். ஜெரோசன் தாடியும் தோளுமாக வெளியே வந்தான். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, "அங்கிள், நான் வந்து..." என்று தொடங்கினான்.

"நோ நோ, யூ ஆர் ரயேட்" என்று களைப்பாறச் சொன்னார் தலைவர். காரில் ஏற்றி ஒடென்சே வரும்வரை அவர் ஓயவில்லை. வைலேயைக் கடக்கும்போது, "திஸ் இஸ் வைலே. ஸ்மோல் பிளேஸ். நத்திங்" என்றார். ஜெரோசன் கண்ணாடி வழியே அந்த ஊரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். டென்மார்க்கில் சனம் கறுப்புப் பாண் தின்னும், சைக்கிளுக்கு வழி விடவேண்டும், வெயில் கண்டால் சட்டையைக் கழற்றும் என்றெல்லாம் தலைவர் விளக்கினார். அவன் இரண்டு முறை வாய் திறந்தான். இரண்டு முறையும் தலைவர் ஒரு பாலத்தைக் காட்டினார்.

தலைவரால் முடியாததை அவர் மனைவி சரோஜினிதேவி இரண்டாவது கரண்டிச் சோறு போடுவதற்குள் முடித்துவிட்டார்.

"தம்பி, சொந்த இடம் எது?"

"அப்பா அம்மா மட்டக்களப்பு, அன்ரி."

"இங்கிலாந்தில எவ்வளவு காலம்?"

"ஐஞ்சு வருசம்."

"அதுக்கு முதல்?"

"இஞ்சதான். ஒடென்சேயில பிறந்து, இஞ்சதான் படிச்சனான். அப்பா செத்தாப் பிறகு அம்மா வைலேக்குப் போயிட்டா."

சரோஜினிதேவி கரண்டியை வைத்தார். "கடவுளே! நீ தங்கராணியின்ர மகனே? நானும் அவவும் ஒண்டா முதியோர் இல்லத்தில வேலை செய்தனாங்கள்! சின்னனில என்ர மடியில இருந்து அழுதிருக்கிறாய்!"

தலைவர் அப்பளத்தைப் பாதியில் நிறுத்தினார். இடி இப்போது அவர் தலையில் விழுந்திருந்தது.

"இஞ்ச பிறந்தனி எண்டால், எங்கட கழகத்துக்கு ஏன் வரேல்லை?" என்றார் சற்றுக் கோபமாக.

"வந்தனான், அங்கிள். பதினேழு வயசில. ஃபுட்போல் விளையாடக் கேட்டனான். 'ஆக்கள் காணும், தம்பி' எண்டு நீங்கள்தான் சொன்னீங்கள். பிறகு துஷாரா அக்கா பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இதைப் பழக்கினவ."

தலைவர் யோசித்தார். "அப்ப ஆக்கள் காணுமாத்தான் இருந்திருக்கும்."

சரோஜினிதேவி கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் காலத்தில் கழகத்தில் 'காணும்', இனிப் போதும், என்ற சொல் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் எவருக்கும் சொல்லப்பட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

ஜெரோசன் இங்கிலாந்தில் நடந்ததையும் சொன்னான். அவன் இருந்த கழகத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு இத்தனை இடம்தான் என்று எல்லை உண்டு. டென்மார்க்கில் பழகியவன் என்பதால் அவனும் வெளிநாட்டுக் கணக்கு. ஒஸ்ரேலியாவிலிருந்து பெயர் பெற்ற ஒருவர் வந்தார், இடம் முடிந்தது, ஜெரோசன் வெளியே. "அங்கத்தைப் பெடியளுக்கு இடம் வேணும் எண்டுதான் அந்த எல்லை. ஆனா வந்த மனுசனுக்கு முப்பத்தைஞ்சு வயசு. அங்கத்தைப் பெடியள் இப்பவும் மைதானத்துக் கரையில வாங்கிலதான் குந்தியிருக்கிறாங்கள்" என்றான். சும்மா இருந்த நேரத்தில் இந்த அழைப்பு. அம்மாவைப் பார்த்தமாதிரியும் இருக்கும் என்று வந்துவிட்டான்.

தலைவர் கையைக் கழுவிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, பதாகை அடிச்சாச்சு. நீர் இஞ்சத்தை ஆள் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையும். வெளியில இங்கிலீஷில கதையும். விளங்குதோ?"

"ஓம், அங்கிள்."

"பாத்தீரா, ஓம் எண்டுறீர். யெஸ் எண்டு சொல்லும்."

அந்த மாதம் முழுவதும் பிறந்த ஊரில் ஜெரோசன் விருந்தாளியாகத் திரிந்தான். அவனைப் பழக்கிய துஷாராவும் அவனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ட்ராமில் ரிக்கெற் எடுப்பது எப்படி என்று நிர்வாக உறுப்பினர் ஒருவர் அவனுக்குச் செய்து காட்டினார். மற்ற மூவரும் வந்து சேர்ந்ததும் வீட்டுக்கு வீடு விருந்து. பிட்டு, கணவாய்க் கறி, ஆட்டிறைச்சி. துஷாரா எடை பார்க்கும்போது இடியைத் தவிர மற்ற மூவரும் வாரத்துக்கு வாரம் கனத்தார்கள். உள்ளூர்ப் பெடியன்களுக்கு விருந்து இல்லை. அவர்கள் வந்தவர்களின் பைகளைத் தூக்கினார்கள்.

தாரகன் நிலைதான் மோசம். பந்தை வாங்கி ஆட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் இடம் அவனுடையது. இப்போது அது ஜெரோசனுக்கு. வாங்கில் இருந்தபடியே தாரகன் துஷாராவிடம் டெனிஷில் கேட்டான்: "நான் நல்லா விளையாட வேணுமெண்டால் என்ன செய்யோணும்? வெளிநாட்டுக்குப் போகோணுமா?"

துஷாரா முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஜெரோசனைப் பார்த்தாள். அப்படிப் போய் வந்தவன்தானே அவன்.

ஜெரோசன் அன்றே தாரகனைத் தனியாகக் கூப்பிட்டுப் பந்தை எப்போது வைத்திருப்பது, எப்போது விடுவது என்று காட்டிக்கொடுக்கத் தொடங்கினான். அதை டெனிஷில் காட்டிக்கொடுத்ததால், தலைவர் தூரத்தில் வரும்போதெல்லாம் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

தமிழ்க் கழகங்களுக்கு இடையிலான சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டம் ஹ்விடோவ்ரேயில். காலையில் மழை தூறியது. ஆட்டத்துக்கு முன் எல்லாக் கழகத் தலைவர்களும் கூடாரத்துக்குள் கூடினார்கள். ஹ்விடோவ்ரேத் தலைவர் பரமானந்தம் எழுந்து, இங்கே வளரும் இளைய தலைமுறையைக் காப்பாற்ற வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். ஆகவே ஒரு கழகம் மூன்று வெளிநாட்டாருக்கு மேல் இறக்கக்கூடாது என்றார். அவரிடம் மூன்று பேர் இருந்தார்கள். தன் கழகத்தில் வெளிநாட்டார் இருவர் மட்டும் இருந்த ஓகூஸ் நகரக் கழகத் தலைவர், இரண்டு என்று வைத்தால் இளைய தலைமுறை இன்னும் நன்றாக வளரும் என்றார். கடைசியில் மூன்று என்று தீர்மானமாயிற்று.

ஒடென்சேயிடம் நான்கு பேர்.

சிறீஸ்கந்தராசா முகம் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எங்களிட்டையும் மூண்டு பேர்தான். ஜெரோசன் எங்கட ஒடென்சேப் பிள்ளை. இந்த மண்ணில பிறந்து, எங்கட கையில வளந்தவன்!"

"அண்ணை, இங்கிலாந்தின் இடி எண்டு வாசலில நீங்கள்தானே கட்டியிருக்கிறியள்?" என்றார் பரமானந்தம்.

"இடி எங்கையிருந்தும் வரும்."

"போன மாசம் கோயிலில உவர் என்னோட இங்கிலீஷில கதைச்சவர்."

"அது அடக்கம்!"

அவன் டெனிஷ் பேசுகிறானா என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். ஜெரோசனைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள். அவன் பேசினான். ஆனால் அது இங்கே வளர்ந்தவனின் டெனிஷா, வந்து பழகியவனின் டெனிஷா என்று தீர்மானிக்கக் கூடியிருந்தவர்களின் டெனிஷ் போதவில்லை. எல்லோரும் முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நடுவர் அன்னாவைக் கூப்பிட்டார்கள். அவள் டெனிஷ்காரி. விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்து ஜெரோசனோடு கொஞ்சம் கதைத்தாள். கதைக்கக் கதைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சொற்கள் ஒவ்வொன்றும் பாட்டுப்போல் மேலே ஏறி இறங்கின.

"இவர் ஒடென்சேதான்" என்றாள். "என் மாமனார் அங்கே பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். அவர்கூட இவ்வளவு இழுத்துப் பேசமாட்டார்."

சிறீஸ்கந்தராசா வெற்றியோடு கையைத் தட்டினார். ஜெரோசனின் தோளில் கை போட்டு, "எங்கட பிள்ளை! சொன்னன்தானே!" என்றார்.

ஜெரோசன் அந்தக் கையை மெதுவாக எடுத்து அவரிடமே கொடுத்தான்.

"அங்கிள், நான் இஞ்சத்தை ஆள் எண்டால் இஞ்சத்தை ஆளுக்கு எது இடமோ, அங்க இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, மைதானத்துக்குப் போய்த் தாரகனுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தான். "நீ எழும்பு. என்ர இடத்தில இறங்கு" என்றான் அவனிடம். தாரகன் துஷாராவைப் பார்த்தான். துஷாரா தலையை ஆட்டினாள். அவள் அதை மறுமுறை யோசிக்கவில்லை. தலைவர் கூடாரத்திலிருந்து ஓடி வந்து, "துஷாரா, என்ன விசர் வேலை இது?" என்று கத்தினார். அதற்குள் அன்னா விசிலை ஊதிவிட்டாள்.

ஆட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. தாரகன் இரண்டு தடவை எதிரணியின் நடுவைப் பிளந்து பந்தைக் கொடுத்தான். ஒரு தடவை தானே கோட்டைத் தாண்டி விழுந்து பந்தை ஊன்றினான். லண்டன் குளிர்சாதனப் பெட்டி ஒன்று அவனைப் பிடிக்கப் போய்ப் புல்லைப் பிடித்தது. இடைவேளைக்கு ஒடென்சே முன்னால். இரண்டாம் பாதியில் இங்கிலாந்திலிருந்து வந்த மூவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மாதத்துக் கணவாய்க் கறி அவர்களை எழும்ப விடவில்லை. அவர்களுக்குப் பதிலாக வாங்கிலிருந்து இறக்கப்பட்ட உள்ளூர்ப் பெடியன்களோ, சேர்ந்து விளையாடிப் பழகாததால் ஒருவர் காலில் ஒருவர் மிதித்தார்கள். ஒடென்சே நான்கு புள்ளியால் தோற்றது.

"இஞ்ச பிறந்ததுகளுக்கு ஓர்மம் காணாது" என்றார் தலைவர்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பரமானந்தம் தாரகனின் தோளைத் தட்டிக்கொண்டு நின்றார். "தம்பி, எங்கட பக்கம் வாருமன். ரெயில் செலவு நாங்கள் தாறம். சாப்பாடும் இருக்கு."

"நை தக்" என்றான் தாரகன். வேண்டாம், நன்றி. பையைத் தூக்கிக்கொண்டு போனான். தன்னுடைய பையை மட்டும்.

ஜெரோசனின் அம்மா தங்கராணி வைலேயிலிருந்து ரெயில் ஏறி வந்து, மழையங்கியோடு கயிற்றுக்கு அருகில் நின்றிருந்தார். மகன் விளையாடுவதை முதல் முறையாகப் பார்க்க வந்தவர், மகன் வாங்கில் இருப்பதை முழுதாகப் பார்த்துவிட்டார்.

"இருந்து பாக்கத்தானே இங்கிலாந்தில இருந்து வந்தனி?" என்றார்.

"குறை நினைக்கிறியளோ, அம்மா?"

"எனக்கென்ன குறை? பல்லு முழுக்க இருக்கு" என்று மகனின் தாடையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு குடையைப் பிரித்து அவன் உயரத்துக்குத் தூக்க முடியாமல் அவனிடமே கொடுத்தார். இருவரும் ஒரு குடைக்குள் ரெயில் நிலையத்துக்கு நடந்தார்கள்.

ஜெரோசன் திரும்பிப் போகவில்லை. வைலேயில் ஒரு பொருட்கிடங்கில் வேலை எடுத்தான். அந்த ஊரில் டெனிஷ்காரர் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய அணி ஒன்று இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அங்கே போனான். சேறு அப்பிய காற்சட்டையோடு வந்த அணித்தலைவன் கை கொடுத்து, எந்த இடத்தில் விளையாடுவாய் என்று கேட்டான். ஜெரோசன் சொன்னான். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. பந்தை எடுத்து இவன் பக்கம் எறிந்தான்.